உக்குவது வேறு, உடைவது வேறு: வயலில் கிடக்கும் பிளாஸ்டிக் பற்றி ஓர் எளிய விளக்கம்

கொழும்பில் பிளாஸ்டிக் என்று பேச்செடுத்தால் அது சொப்பிங் பையையும் லன்ச் சீட்டையும் தாண்டிப் போவதில்லை. அதற்குக் காரணமும் உண்டு. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் அந்தப் பைகளுக்கும் சீட்டுகளுக்கும் தடை வந்தது. ஆனால் விடியற்காலையில் பேலியகொடை மெனிங் சந்தையில் வந்து இறங்கும் கோவாவும் கறிமிளகாயும் நம் கையில் ஒரு பைக்குள் விழுவதற்கு முன்பே எத்தனையோ பிளாஸ்டிக்கைப் பார்த்துவிட்டன. நாற்று வளர்ந்தது பொலித்தீன் பையில். தண்ணீர் வந்தது பிளாஸ்டிக் குழாயில். பசளை வந்தது பிளாஸ்டிக் சாக்கில், மருந்து பிளாஸ்டிக் போத்தலில். சில இடங்களில் செடிக்கு மேலே பொலித்தீன் கூடாரம், கீழே கறுப்புப் பொலித்தீன் விரிப்பு.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பொதுவாக இரண்டு பக்கமாக நிற்பார்கள். ஒரு பக்கம், எல்லாவற்றையும் தடை செய்துவிட வேண்டும் என்கிறது. மறுபக்கம், உக்கும் பொலித்தீன்தான் வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்கிறது. வயலுக்குப் போன பிளாஸ்டிக்குக்கு அதன் பிறகு என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இரண்டு பேச்சுமே ஒட்டாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயலுக்குள் போகும் பிளாஸ்டிக்குக்கு நல்ல முடிவு இரண்டுதான். ஒன்று, போனது போலவே முழுதாக வெளியே வர வேண்டும். இல்லையென்றால் அந்த மண்ணிலேயே மிச்சமில்லாமல் உக்கிப் போக வேண்டும். நடுவில் நிற்பவைதான் தொல்லை, கடைகளில் விற்பவற்றில் நிறைய நடுவில் நிற்பவை.

விவசாயி ஏன் இதை வாங்குகிறார்?

ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு 2021-இல் வெளியிட்ட கணக்கின்படி, பயிர்ச்செய்கைக்கும் கால்நடை வளர்ப்புக்கும் உலகம் ஆண்டுக்கு சுமார் 1.25 கோடி தொன் பிளாஸ்டிக் பொருட்களைப் பயன்படுத்துகிறது. அதில் ஏறக்குறையப் பாதி ஆசியாவில். உலகின் மொத்த பிளாஸ்டிக் உற்பத்தியோடு வைத்துப் பார்த்தால் இது சில சதவீதம்தான். ஆனால் வீட்டுப் பிளாஸ்டிக் குப்பை லொறியில் ஏறவாவது வாய்ப்பு இருக்கிறது. இது பயன்படுவதே மண்ணில், அதுவும் நம் சாப்பாடு விளையும் மண்ணில்.

வாங்குவதில் நியாயமும் இருக்கிறது. மூடுபடையை எடுத்துக்கொள்ளுங்கள். செடியைச் சுற்றி மண்ணை எதையாவது கொண்டு மூடி வைப்பதற்குப் பெயர் மூடுபடை. வைக்கோலாலும் செய்யலாம், பிளாஸ்டிக்காலும் செய்யலாம். கறுப்புப் பொலித்தீனை விரித்தால் வெளிச்சம் கிடைக்காமல் களை முளைக்காது. மண்ணின் ஈரம் ஆவியாகிப் போவது குறையும். மழைத்துளி மண்ணை அடித்துக் காய்மேல் தெறிக்காது. யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் தண்ணீரை எண்ணி எண்ணி இறைக்கும் ஒருவருக்கும், நுவரெலியாவில் களை பிடுங்க ஆள் கிடைக்காமல் திண்டாடும் ஒருவருக்கும் இது சின்ன உதவி இல்லை. பிளாஸ்டிக் கெட்டது, விட்டுவிடுங்கள் என்று வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இருந்துகொண்டு நாம் சொல்வது சுலபம்.

ரயில் பெட்டிகளும் கொழுவிகளும்

சரி, பொலித்தீன் ஏன் உக்காது? கோட்டை ரயில் நிலையத்தில் நிற்கும் ஒரு நீண்ட ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். பல பெட்டிகள், ஒவ்வொன்றையும் அடுத்ததோடு ஒரு கொழுவி இணைக்கிறது. ஊழியர் ஒருவர் இறங்கி வந்து கொழுவியைக் கழற்றினால் பெட்டி தனியாகிவிடும்.

பிளாஸ்டிக்கும் இப்படி ஒரு நீண்ட தொடர்தான். சின்ன மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் வரிசையாக இணைந்த பொருளுக்குப் பல்பகுதியம் என்று பெயர். மரக்கட்டையில் இருக்கும் செலுலோசும் மாச்சத்தும்கூடப் பல்பகுதியங்களே. மண்ணில் இருக்கும் பக்டீரியாவும் பூஞ்சணமும் அவற்றை உண்ணும். ஆனால் முழு ரயிலையும் அவற்றால் விழுங்க முடியாது, ஓரிரண்டு பெட்டியாகப் பிரிந்தால்தான் உள்ளே எடுக்க முடியும். பிரித்துக் கொடுக்கும் ஊழியருக்குப் பெயர் நொதியம். நுண்ணங்கிகள் இந்தப் பொருளைச் சுரந்து வெளியே அனுப்புகின்றன. நொதியம் கொழுவியைத் தேடிப் பிடித்துக் கழற்றும். பிரிந்த பெட்டிகளை நுண்ணங்கி உள்ளே எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியைத் தன் உடலாக்கி, மீதியைக் காபனீரொட்சைட்டாக வெளியே விடும். உக்குதல் என்பது இந்த முழு வேலையும்தான். கண்ணுக்குத் தெரியாமல் போவது உக்குதல் ஆகாது; காபன் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போக வேண்டும்.

பொலித்தீனில் பிரச்சினை, கொழுவியே இல்லை. எல்லாப் பெட்டிகளையும் ஒரே இரும்பாக உருக்கி ஒட்டியது போல, காபனோடு காபன் நேராகப் பிணைந்து கிடக்கிறது. நொதியம் பிடித்துக் கழற்ற ஓர் இடம்கூட இல்லை. ஊழியர் ரயிலின் முழு நீளமும் நடந்துபோய்விட்டு வெறுங்கையோடு திரும்புகிறார்.

2021-இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு வெளியே எரிந்து மூழ்கியபோது, நீர்கொழும்புப் பக்கத்துக் கரைகளில் வெள்ளை வெள்ளையாக மணிகள் குவிந்தது நினைவிருக்கும். சுமார் 1,680 தொன். அதில் பெரும்பகுதி பொலித்தீனின் மூலப்பொருள். அப்படிப்பட்ட மணிகளை உருக்கி ஊதித்தான் மூடுபடை விரிப்பு செய்கிறார்கள். வயலில் கிழிந்து கிடப்பதும் அன்று கரையில் அள்ளியதும் வேதியியலில் ஒரே சரக்கு.

இதுவரை சொன்னதன் சாரம்: நுண்ணங்கி உண்ண வேண்டுமானால் தொடரில் கழற்றக்கூடிய இடங்கள் வேண்டும். சாதாரணப் பொலித்தீனில் அவை இல்லை.

வெயில் பிய்த்துப் போடும்போது

மொட்டை மாடியில் கத்தரி வளர்ப்பவர்களுக்குத் தெரியும், செடி வளர்க்கும் கறுப்புப் பை கொஞ்சக் காலம் வெயிலில் நின்றால் தொட்ட இடத்தில் பொரிந்து கொட்டும். பலர் இதைப் பார்த்துவிட்டு, பொலித்தீனும் நாளடைவில் உக்கத்தான் செய்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

நடப்பது வேறு. வெயிலின் புறஊதாக் கதிரும் காற்றில் உள்ள ஒட்சிசனும் சேர்ந்து அந்த இரும்புத் தொடரைக் கண்டபடி முறிக்கின்றன. கொழுவி கழன்ற ரயில் இல்லை இது, விபத்தில் முறிந்த ரயில். துண்டுகள் சின்னதாகின்றன, ஆனால் ஒவ்வொரு துண்டும் நுண்ணங்கியின் கணக்கில் இன்னும் பிரமாண்டமான ரயில்தான். 5 மில்லிமீற்றருக்குக் குறைவான இத்தகைய துண்டுகளைத்தான் நுண்பிளாஸ்டிக் என்கிறார்கள். மண்ணுக்கடியில் போய்விட்டால் வெயிலும் படாது, அந்த முறிப்பு வேலையும் ஏறக்குறைய நின்றுவிடும்.

இப்போது ஒரு வியாபாரத் தந்திரத்தைப் பார்ப்போம். சாதாரணப் பொலித்தீனில் சில உலோக உப்புகளைக் கலந்தால் இந்த முறிவு வேகமாக நடக்கும். இதை ஒக்சோ-சிதைவுப் பிளாஸ்டிக் என்பார்கள். பையில் பச்சை இலைப் படம் இருக்கும், சூழலுக்கு உகந்தது என்று எழுதியும் இருக்கும். கொஞ்ச நாளில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவதால் வாங்கியவருக்கும் மனநிறைவு. என் கணிப்பில் வயலுக்கு இதைவிட மோசமான பொருள் இல்லை. சாதாரணப் பொலித்தீன் என்றால் குனிந்து பொறுக்கவாவது முடியும். இதைப் பொறுக்கவே முடியாதபடி பொடியாக்கி மண்ணில் கலந்துவிடுகிறோம். ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் இருந்து ஒக்சோ-சிதைவுப் பொருட்களைச் சந்தையில் விடுவதையே தடை செய்துவிட்டது.

உண்மையில் உக்கும் பிளாஸ்டிக் உண்டா?

உண்டு. தொடருக்குள் வேண்டுமென்றே கொழுவிகளை வைத்துச் செய்கிறார்கள். எஸ்தர் பிணைப்பு என்ற வகைக் கொழுவியை மண்ணின் நொதியங்கள் கழற்றத் தெரிந்துவைத்திருக்கின்றன. மூடுபடைக்கு அதிகம் பயன்படுவது பிபிஏடி என்ற பிளாஸ்டிக்கோடு மாச்சத்தைக் கலந்த விரிப்பு. அறுவடை முடிந்ததும் அதைப் பொறுக்கத் தேவையில்லை, மண்ணோடு சேர்த்து உழுதுவிடலாம்.

இங்கே இரண்டு குழப்பங்களைத் தீர்த்துவிட வேண்டும்.

முதலாவது, எதிலிருந்து செய்தது என்பதும் உக்குமா என்பதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கேள்விகள். கரும்பில் இருந்து பொலித்தீன் செய்ய முடியும், செய்கிறார்கள். ஆனால் செய்து முடித்தால் அது அதே கொழுவியில்லாத ரயில். கரும்பில் பிறந்தது என்பதற்காக உக்காது. மறுபக்கம், பிபிஏடி பெரும்பாலும் பெற்றோலிய மூலப்பொருளில் இருந்தே வருகிறது, ஆனால் உக்கும். தாவரத்தில் இருந்து தயாரித்தது என்ற விளம்பரம் வயலில் என்ன நடக்கும் என்று சொல்லாது.

இரண்டாவது, எங்கே உக்கும் என்ற கேள்வி. இது இன்னும் முக்கியம். சோளம் போன்றவற்றில் இருந்து செய்யும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில் கொழுவிகள் இருக்கின்றன, ஆனால் துருப்பிடித்து இறுகியது போல இருக்கின்றன. 60 பாகை செல்சியஸை நெருங்கினால்தான் இளகும். அந்தச் சூடு பெரிய கூட்டெரு ஆலைக் குவியலில் கிடைக்கும். ஐரோப்பாவின் ஈஎன் 13432 தரநிலை இந்த வகைக்கானது. ஏறக்குறைய 58 பாகையில் 6 மாதத்துக்குள் 90 சதவீதம் உக்க வேண்டும் என்கிறது. வீட்டு முற்றத்துக் கூட்டெருக் குழியில் அந்தச் சூடு தொடர்ந்து நிற்பது அரிது; வயல் மண்ணில் கேள்விக்கே இடமில்லை. ஆகவே கூட்டெருவாகும் என்ற முத்திரையை மட்டும் பார்த்து ஒரு விரிப்பை வாங்கி மண்ணில் உழுதால், அது அங்கேயே கிடக்கும்.

மூடுபடைக்கென்றே 2018-இல் வந்த தரநிலை ஈஎன் 17033. 20 முதல் 28 பாகை வரையான மண்ணில், 24 மாதத்துக்குள், விரிப்பில் உள்ள காபனில் 90 சதவீதம் காபனீரொட்சைட்டாக மாற வேண்டும் என்பது அதன் விதி. மண்ணுக்குத் தீங்கு செய்யும் பொருட்கள் அளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற நிபந்தனைகளும் கூடவே உண்டு.

அந்த வெப்பநிலையை இன்னொரு முறை பாருங்கள். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவில்தான். அங்கே நுண்ணங்கிகள் மெதுவாகத்தான் வேலை செய்யும், 2 ஆண்டு என்ற கணக்கு நீளும். யாழ்ப்பாணத்தில் சூட்டுக்குக் குறைவில்லை, ஆனால் மாதக்கணக்கில் மழையில்லாமல் மண் காய்ந்து கிடந்தால் நுண்ணங்கிக்குத் தண்ணீர் இல்லை, வேலையும் இல்லை. இரண்டு ஊருக்கும் ஒரே விரிப்பை விற்றுவிட்டு ஒரே காலக்கெடுவைச் சொல்வது சரியாக வராது. ஒவ்வொரு போகத்துக்கும் புதிது விரித்து, பழையது உக்கி முடிவதற்கு முன்பே அடுத்ததை உழுதுகொண்டே போனால் மண்ணில் மிச்சம் சேர்ந்துகொண்டே இருக்கும்.

இந்தப் பகுதியின் சாரம்: உக்கும் என்று யாராவது சொன்னால், எந்த இடத்தில், எந்தச் சூட்டில், எவ்வளவு காலத்தில் என்று மூன்றையும் கேட்க வேண்டும். மூன்றுக்கும் பதில் இல்லாத சரக்கை மண்ணில் உழ வேண்டாம்.

மெல்லியதாக இருந்தால் நல்லதுதானே?

பிளாஸ்டிக்கைக் குறைக்க மெல்லியதாக்கினால் போதும் என்று தோன்றும். மூடுபடையில் இது தலைகீழ்.

ஆண்டுக்குப் பத்து லட்சம் தொன்னுக்கு மேல் மூடுபடை பயன்படுத்தும் சீனா இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டது. அங்கே நீண்ட காலம் 8 மைக்ரோன் தடிப்புள்ள விரிப்புக்கு அனுமதி இருந்தது. ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று. மலிவு, நிறையும் குறைவு. ஆனால் அறுவடைக்குப் பின் இழுத்தால் கையோடு கிழிந்து வரும், பாதி மண்ணிலேயே நிற்கும். ஷின்ஜியாங் பிராந்தியத்தின் பருத்தி வயல்களில் இப்படி ஆண்டுக்கணக்கில் சேர்ந்த துண்டுகள் வேர் இறங்குவதையும் தண்ணீர் இறங்குவதையும் தடுக்கத் தொடங்கின. பிறகு குறைந்தபட்சத் தடிப்பை 10 மைக்ரோனாக உயர்த்தினார்கள். 2018-இல் அந்த விதி நடைமுறைக்கு வந்தது.

உக்காத விரிப்பு என்றால் அது கிழியாமல் சுருட்டி எடுக்கும் அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். அதிகப் பிளாஸ்டிக் வாங்கி, மண்ணில் குறைவாக விடுவது. கேட்க முரணாக இருந்தாலும் கணக்கு சரிதான்.

எடுத்த பிறகு மீள்சுழற்சிக்குப் போகுமா என்றால், அது அழுக்கைப் பொறுத்தது. வயலில் இருந்து உரித்தெடுத்த மூடுபடையின் நிறையில் பாதிக்கு மேல் மண்ணும் ஈரமும் இலைச்சருகுமாக இருப்பது வழக்கம். கழுவ வேண்டும், அதற்குத் தண்ணீர் வேண்டும், மண் இயந்திரத்தின் கத்தியைத் தின்றுவிடும். அதனால் மீள்சுழற்சி செய்பவர்கள் பொலித்தீன் கூடார விரிப்பை விரும்பி எடுப்பார்கள், மூடுபடையைக் கண்டால் தயங்குவார்கள். மிஞ்சியது வரப்பில் எரிகிறது. பொலித்தீன் எரியும் புகையே நல்லதில்லை. கூடவே பிவிசி குழாய்த் துண்டுகளும் சேர்ந்தால் டையொக்சின் என்ற நச்சும் வரும். காய்ந்த நாளில் எடுத்து, உதறி, நிழலில் சுருட்டி வைப்பது என்ற சாதாரண வேலைதான் மீள்சுழற்சிக்குப் போகுமா நெருப்புக்குப் போகுமா என்பதைப் பல இடங்களில் தீர்மானிக்கிறது.

முழுதாகத் திரும்பி வருபவை

மருந்துப் போத்தலில் இருந்து தொடங்கலாம். 2021 மார்ச் 31 முதல் இலங்கையில் விவசாய இரசாயனங்களைப் பெட் (தண்ணீர்ப் போத்தல் செய்யும் வகை) அல்லது பிவிசி பிளாஸ்டிக்கில் அடைக்கத் தடை இருக்கிறது. நல்லதுதான், ஆனால் எந்தப் பிளாஸ்டிக்காக இருந்தாலும் உள்ளே மருந்து ஒட்டியிருக்கும் வரை யாரும் அதைத் தொடமாட்டார்கள். தீர்வு மிகச் சாதாரணமானது. போத்தல் காலியானவுடன் கால் பங்கு தண்ணீர் விட்டு, மூடி, அரை நிமிடம் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிகருவியின் தாங்கியிலேயே ஊற்ற வேண்டும். இப்படி மூன்று முறை. மிச்ச மருந்தும் பயிருக்கே போகிறது, காசும் வீணாகவில்லை. அப்புறம் அடியில் ஓட்டை போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் யாராவது மண்ணெண்ணெயோ தண்ணீரோ ஊற்றி வைத்துவிடுவார்கள்.

கழுவிய போத்தலை வாங்க ஆள் வேண்டுமே? பிரேசில் 2000-ஆம் ஆண்டு ஒரு சட்டம் கொண்டுவந்தது. விவசாயி கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும், விற்றவர் திருப்பிப் பெறும் இடத்தைக் காட்ட வேண்டும், தயாரித்தவர் எடுத்துப்போய் மீள்சுழற்சி செய்ய வேண்டும். இப்படித் தயாரித்தவரையே பின்விளைவுக்கும் பொறுப்பாக்குவதை விரிவாக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு என்பார்கள். அங்கே மருந்தை நேராக அடைக்கும் பிளாஸ்டிக் கொள்கலன்களில் 90 சதவீதத்துக்கு மேல் இன்று திரும்பி வருகிறது. போத்தலோடு சேர்த்துப் பொறுப்பையும் விவசாயியின் தலையில் கட்டாததுதான் அது வேலை செய்வதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று மரக்கறி ஏற்றும் பிளாஸ்டிக் கூடை. சாக்கில் திணித்து அடுக்கினால் தக்காளி வழியிலேயே நசுங்கும். நசுங்கியதோடு அதற்கு இறைத்த தண்ணீரும் போட்ட பசளையும் லொறி எரித்த டீசலும் குப்பைக்குப் போகிறது. நூற்றுக்கணக்கான தடவை ஏறி இறங்கும் கூடை பிளாஸ்டிக்கின் நல்ல முகம். ஆனால் 2011 டிசம்பரில் இதைக் கட்டாயமாக்கியபோது தம்புள்ளையில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. கூடையில் அடுக்கினால் ஒரு லொறியில் ஏறும் அளவு குறையும். வெறுங்கூடையைத் திருப்பி ஏற்றவும் காசு வேண்டும். வெறுமையானதும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் கூடைகளும், வாங்காமல் வாடகைக்கு எடுக்கும் ஏற்பாடும் அந்தச் சிக்கலைக் குறைக்கும். பொருள் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, திரும்பி வரும் பயணத்துக்கு யார் காசு கொடுப்பது என்பதும் முடிவாக வேண்டும்.

பிளாஸ்டிக்கே தேவைப்படாத இடங்கள்

சில வேலைகளுக்கு மாற்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. வைக்கோல், தும்புத் தூள், வெட்டிப் போட்ட சீமைக்கிளுவை இலை எல்லாமே மூடுபடை. களையைப் பொலித்தீன் அளவுக்கு அடக்காது, ஆளும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். பதிலுக்கு மண்ணுக்கே உணவாகும். வீட்டுத்தோட்ட அளவில் இதுவே போதும். நாற்றுத் தவறணையில் பொலித்தீன் பைக்குப் பதிலாகத் தும்புச் சாடியில் நாற்று வளர்த்தால் சாடியோடே நடலாம், கழற்றி எறிய ஒன்றும் மிஞ்சாது. பெரிய தோட்டத்தில் நீண்ட காலப் பயிருக்குச் செலவுக் கணக்கு மாறும்.

கொழும்பில் இருந்து வயலுக்குப் போகும் பிளாஸ்டிக்

இதை அதிகம் யாரும் பேசுவதில்லை. வயலில் உள்ள நுண்பிளாஸ்டிக் எல்லாம் விவசாயி கொண்டுவந்தது இல்லை. நகரக் குப்பையில் இருந்து செய்யும் கூட்டெருவோடும் அது போகிறது. சமையலறைக் கழிவை ஒரு சொப்பிங் பையில் கட்டி அப்படியே கொடுத்தால், கூட்டெருக் குவியலைக் கிளறும்போது பை கிழிந்து துண்டாகும். சல்லடையில் பெரியவை நிற்கும், சின்னவை எருவோடு சேர்ந்து மூட்டைக்குள் இறங்கும். பிறகு யாரோ ஒருவர் இயற்கை எரு என்று நம்பி அதைத் தன் பாத்தியில் கொட்டுவார்.

உக்கும் கழிவைப் பையில்லாமல் வாளியில் சேர்த்து அப்படியே கொட்டுவதுதான் இங்கிருந்து செய்யக்கூடிய பயனுள்ள வேலை. வாளிக்குள் தப்பி விழும் சில பொருட்களையும் கவனியுங்கள்: கீரைக் கட்டைச் சுற்றிய இறப்பர் வளையம், வெங்காய வலைப் பையின் நூல், விளிம்பு ஒட்டப் பிளாஸ்டிக் சேர்த்த சில வகைத் தேயிலைப் பைகள். அப்பிள் தோலில் ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன ஸ்டிக்கரும் பிளாஸ்டிக்தான், தோலை வாளியில் போடுவதற்கு முன் அதை உரித்துவிடுங்கள்.